ஒன்பது வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பொலிஸ் விசாரிக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு 9 வயது. திருகோணமலை நகரை அண்டிய ஒரு பாடசாலையில் தரம் 4 படிக்கிறான். வகுப்பாசிரியையின் கைப்பையிலிருந்து பணம் காணாமல் போயிருக்கிறது. அதிபர் பொலிஸுக்கு அறிவிக்க, சீருடையோடு இரண்டு பேர் வந்து, இடைவேளையில் வகுப்புக்குள் நின்ற மூன்று பிள்ளைகளை ஒவ்வொருவராக அதிபரின் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. "உண்மையைச் சொல்லாட்டிக் கொண்டுபோய் அடைப்பம்" என்று ஒருவர் சொன்னதாக மகன் சொல்கிறான். சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் அவனைப் பெயர் எழுத வைத்திருக்கிறார்கள். அடுத்த நாளிலிருந்து பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். பொலிஸார் இப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு வரியில்தான் உங்கள் மனதைக் குடையும் கேள்வி இருக்கிறது: முறைப்பாடு செய்தால் அவனுக்கு அங்கே இன்னும் கஷ்டம் வருமா, பேசாமல் விட்டுவிடுவதா? இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன்.

நான் இந்த மாவட்டத்தில் நன்னடத்தை உத்தியோகத்தராகப் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பாடசாலை, பொலிஸ் நிலையம், நீதவான் நீதிமன்றம் என்று பிள்ளைகளோடு ஏறி இறங்குவதுதான் என் வேலையாக இருந்தது. சட்டத்தரணி அல்ல. நீங்கள் எழுதியது ஒரு பக்கத்துக் கதை என்பதும் எனக்குத் தெரியும். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதைப் பொலிஸாரிடமும் அதிபரிடமும் கேட்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மகனின் வயது ஒன்றை வைத்தே உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, இலங்கைச் சட்டப்படி 12 வயது நிரம்பாத பிள்ளை செய்யும் எதுவும் குற்றமே அல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் 75ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 12இலிருந்து 14 வரையான வயதென்றால், செய்த காரியத்தின் தன்மையை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி பிள்ளைக்கு இருந்ததா என்று நீதவான் பார்க்கவேண்டும். அதற்குக் கீழே அந்தக் கேள்விக்கே இடமில்லை. உங்கள் மகன் அந்தப் பணத்தை எடுக்கவில்லை என்று நீங்கள் நம்புகிறீர்கள், நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பேச்சுக்கு, எடுத்திருந்தாலும்கூட அவனைச் சந்தேகநபர் ஆக்க முடியாது, கைது செய்ய முடியாது, வழக்குப் போட முடியாது. "கொண்டுபோய் அடைப்பம்" என்பது சட்டத்தில் எந்த இடமும் இல்லாத ஒரு வெருட்டல். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பணம் எடுத்த 9 வயதுப் பிள்ளைக்குத் தேவை, அவன் ஏன் எடுத்தான், வீட்டில் என்ன நிலைமை, யாராவது பெரிய ஆள் எடுக்கச் சொன்னாரா என்று பொறுமையாக விசாரிக்கும் ஒரு மனிதர். அந்த வேலைக்குத்தான் நன்னடத்தைத் திணைக்களமும் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த 12 என்ற எல்லை 2018இல்தான் வந்தது, அந்த வருடத்தின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால். அதுவரை எல்லை 8 வயது. பழைய சட்டத்தில் 8இலிருந்து 12 வரையான பிள்ளைகள் அந்த இடைப்பட்ட நிலையில் இருந்தார்கள். அதாவது உங்கள் மகனுடைய வயதுப் பிள்ளையைப் பழைய சட்டம் நீதிமன்றம் வரை கொண்டுபோக இடம் கொடுத்தது. பழைய காலத்தில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் சிலர் இன்னும் அந்த நினைப்பிலேயே நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களோடு பேசும்போது கோபப்படாமல் "2018 திருத்தத்துக்குப் பிறகு 12 வயது அல்லவா?" என்று கேட்டாலே பல இடங்களில் பேச்சின் தொனி மாறிவிடும். ஐ.நா. சிறுவர் உரிமைகள் குழு 2019இல் இந்த எல்லை குறைந்தது 14ஆக இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. நாம் அந்த இடத்துக்கு இன்னும் போகவில்லை. அதே 2019இல் அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரத்தில் 6 வயதுச் சிறுமி ஒருத்தியை, வகுப்பில் அடம்பிடித்தாள் என்பதற்காகப் பொலிஸார் கைகளைக் கட்டிப் பாடசாலையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் அந்த மாநிலம் 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பெரும்பாலும் கைது செய்யக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. நம்மிடம் எழுத்தில் இருக்கும் சட்டம் அதைவிட எவ்வளவோ மேல். அதை நம் பெற்றோருக்கும் அதிபர்களுக்கும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் என் மனவருத்தம்.

அப்புறம், அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத பகுதிக்கு வருகிறேன். பொலிஸார் பாடசாலைக்குள் வரவே கூடாதா? அப்படி இல்லை. வீதிப் பாதுகாப்பு, போதைப்பொருள், சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிப் பேச வருகிறார்கள், வரவும் வேண்டும். ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டிருந்தால், அல்லது எதையாவது கண்ணால் பார்த்திருந்தால், அந்தப் பிள்ளையிடம் வாக்குமூலம் எடுக்கவும் வேண்டியிருக்கும். உங்கள் விஷயத்தில் பொலிஸார் "நாங்கள் அவனைச் சந்தேகநபராக விசாரிக்கவில்லை, வகுப்பில் நின்றவன் என்ற முறையில் என்ன பார்த்தாய் என்று கேட்டோம்" என்றுதான் சொல்லப்போகிறார்கள். சாட்சியாகக் கேட்பதற்கு அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் பேசியது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு "இது சட்டவிரோதம்" என்று நிறுவ முடியுமா என்றால், அது சந்தேகம்தான். ஆனால் எந்தச் சாட்சியிடமும் "சொல்லாட்டி அடைப்பம்" என்று பேசுவதில்லை. அந்த ஒரு வசனம், சாட்சி என்ற விளக்கத்தை உடைத்துவிடுகிறது. அதனால்தான் அவன் கேட்ட சொற்களை அப்படியே எழுதி வைப்பது முக்கியம் என்கிறேன். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஒழுங்கான முறை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். ஏனென்றால் அதைச் செய்யும் உத்தியோகத்தர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கிருந்து வருகிறவர், பெரும்பாலும் ஒரு பெண் உத்தியோகத்தர், சாதாரண உடுப்பில் வருவார். தாயையோ தகப்பனையோ கூப்பிடச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்காமல் பிள்ளைக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். கிண்ணியாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஓர் அம்மணி, பிள்ளையின் சித்திரக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்து அரை மணி நேரம் கதைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தார். பிள்ளை தானாகவே எல்லாவற்றையும் சொன்னது. இதற்குப் பெரிய செலவோ வசதியோ தேவையில்லை.

வெருட்டல் பற்றி இன்னொன்று. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையையும், கொடூரமான, இழிவான நடத்தையையும் யாருக்கும் செய்யக்கூடாது என்கிறது. வயது வித்தியாசம் அதில் இல்லை. உடம்பில் அடி விழாமல் மனதுக்கு ஏற்படுத்தும் துன்பமும் அதற்குள் வரலாம் என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2021 பெப்ரவரியில், ஆசிரியர் அறைந்து செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவரின் வழக்கிலும் அந்த உறுப்புரை மீறப்பட்டது என்றே தீர்ப்பு வந்தது. ஆனால் உங்கள் மகனுக்கு நடந்தது அந்த அளவுக்குப் பாரதூரமானது என்று நீதிமன்றம் கொள்ளுமா என்பதை நான் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், என்ன சொன்னார்கள், தொட்டார்களா, பிறகு பிள்ளையின் நிலை என்ன என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அடி விழுந்திருந்தால் கதை வேறு. அப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்படி கேளுங்கள். சின்னப் பிள்ளைகளின் உடம்பில் கண்டல் சீக்கிரம் மறைந்துவிடும்.

நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதிய அந்தச் சிங்களத் தாள்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பொலிஸ் நிலையத்தில், வாங்கில் இருந்த ஒரு தமிழ்ப் பெடியனிடம் போனேன். பள்ளிக்கூடச் சப்பாத்துக் கால்கள் நிலத்தில் முட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அவனுடைய வாக்குமூலம் ஒன்றரைப் பக்கத்துக்குச் சிங்களத்தில் இருந்தது. கீழே தமிழில், கோடு போட்ட கொப்பியில் எழுதுவதுபோல வட்ட வட்டமான எழுத்தில் அவன் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் வகுப்பும் பிரிவும். பரீட்சைத் தாள் என்று நினைத்து எழுதியிருக்கிறான். அதில் இருந்ததை நான் அவனுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னபோது, பாதிக்கு மேல் "நான் இப்படிச் சொல்லேல்லை" என்றான். எழுதிய உத்தியோகத்தர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் அரைகுறை, பிள்ளைக்குச் சிங்களம் தெரியாது, இடையில் நின்று விளக்க ஆள் இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் அரச பதிவேடுகளைத் தமிழில் பேணவேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் அது. வாக்குமூலம் கொடுப்பவருக்கு அதை வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகுதான் கையொப்பம் வாங்கவேண்டும். வாசித்துக் காட்டுவதென்றால் அவருக்கு விளங்கும் மொழியில். அந்தத் தாளை நினைத்து நீங்கள் நித்திரை கெடவேண்டாம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தாலும் அதை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. உங்கள் மகனின் வயதிலோ எதிராக நிரூபிப்பதற்கு ஒரு வழக்கே கிடையாது. ஆனாலும் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

அதிபரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பொலிஸாரைவிட இந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல்தான் மனத்தாங்கல். காலையில் வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும்போது, பெற்றோருடைய பொறுப்பை அவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போகிறோம். பொலிஸார் வந்து "இந்தப் பிள்ளையோடு கதைக்கவேண்டும்" என்றால் அவர் சொல்லவேண்டிய பதில் மிக எளியது: "தாய் தகப்பனுக்கு அறிவிக்கிறேன், அவர்கள் வரும்வரை இருங்கள், நானும் அறையில் இருப்பேன்." இதைச் சொல்லும் அதிபரைப் பொலிஸார் எதுவும் செய்யமுடியாது. ஒரு வகுப்பறைக்குள் காணாமல் போன பணத்துக்கு, பாடசாலையின் ஒழுக்காற்றுக் குழு, வகுப்பாசிரியர், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் என்று எத்தனையோ படிகள் இருக்கின்றன. உடல், உளத் தண்டனை இல்லாமல் ஒழுக்கம் பேணவேண்டும் என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றுநிருபமே அனுப்பியிருக்கிறது. ஆசிரியர் கையால் கொடுக்கக்கூடாத பயத்தைப் பொலிஸாரை வைத்துக் கொடுப்பது அந்தச் சுற்றுநிருபத்தின் நோக்கத்துக்கு நேர் எதிரானது.

2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பாடசாலை வாசல்களில் பிள்ளைகளின் புத்தகப் பையைச் சோதித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது பெற்றோரும் சேர்ந்து நின்றோம், காரணமும் இருந்தது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிச் செய்தார்கள். அந்தப் பழக்கம், பாடசாலைக்குள் பொலிஸாரைக் கூப்பிடுவது சாதாரண விஷயம் என்ற எண்ணத்தைச் சில அதிபர்களுக்குக் கொடுத்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பாதுகாப்புக்காக எல்லோருடைய பையையும் பார்ப்பது ஒன்று. மூன்று பிள்ளைகளைப் பிரித்தெடுத்து, மற்றப் பிள்ளைகள் ஜன்னலால் எட்டிப் பார்க்கும்போது கள்ளன் என்ற பார்வையோடு அறைக்குள் கூட்டிப்போவது முற்றிலும் வேறு.

நீங்கள் "பொலிஸைக் கண்டாலே எனக்கே கை நடுங்குது" என்று எழுதியிருந்தீர்கள். திருகோணமலையில் வளர்ந்த ஒருவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைதான விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அந்த வீடுகளில் இருந்தவர்களையும் அந்த வீதிகளையும் தெரிந்த ஊர் இது. அதோடு உங்கள் மகனின் விஷயத்தை ஒன்றாக்க நான் முயலவில்லை. ஆனால் "சின்ன விஷயம்தானே, ஏன் இவ்வளவு பயம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று நான் உங்கள் பக்கம் நிற்பேன். பிள்ளைக்கு முன்னால் மட்டும் அந்தப் பயத்தைக் காட்டாமல் இருக்கப் பாருங்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஆபத்து முடிந்துவிட்டதா இல்லையா என்று முடிவு செய்கிறான்.

இப்போது பிள்ளைதான் முதல் வேலை. வருகிற போகிற எல்லோருக்கும் முன்னால் அவனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். ஒருதரம், நீங்கள் மட்டும், அவசரப்படாமல் கேளுங்கள். "அடிச்சவையா?" என்று கேட்காமல் "பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் கேள்வியில் இருப்பதையே பதிலாகத் திருப்பித் தருவார்கள். அன்றிரவே அவனுடைய சொற்களிலேயே, திகதி நேரத்தோடு எழுதி வையுங்கள். "நீ பிழை செய்யேல்லை, உன்னை ஒருவரும் கொண்டுபோக மாட்டினம்" என்பதை நேராகச் சொல்லுங்கள். அது ஆறுதலுக்குச் சொல்லும் பொய் அல்ல, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. படுக்கையில் சிறுநீர் போவது, காலையில் வயிற்றுவலி, சீருடையைக் கண்டு ஒளிவது இவையெல்லாம் சில நாளில் குறையவேண்டும். இரண்டு மூன்று வாரம் நீடித்தால் வைத்தியசாலையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அடுத்தது எழுத்து. அதிபருக்கு ஒரு கடிதம்: எந்தத் திகதி, எந்த நேரம், யார் வந்தார்கள், யாருடைய முறைப்பாட்டில், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை, விசாரித்தபோது ஆசிரியர் யாராவது கூட இருந்தாரா, சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் இது பதியப்பட்டிருக்கிறதா. திட்டாமல், குறை சொல்லாமல், கேள்விகளாக மட்டும் எழுதுங்கள். ஒரு பிரதியை வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்புங்கள். பொலிஸாரைப் பற்றிய முறைப்பாட்டை அதே நிலையத்தில் கொடுத்துக்கொண்டு நிற்காமல் மேலதிகாரிக்கோ தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கோ அனுப்பலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அங்கே நேரில் போவதே நல்லது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள். மகனின் பெயரையோ படத்தையோ முகநூலில் போடவேண்டாம். கோபத்தில் போட்டது அவன் பெரிய வகுப்புக்குப் போன பிறகும் அவனைத் தேடி வரும்.

முறைப்பாடு செய்தால் கஷ்டம் வருமா? வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சில ஆசிரியர்கள் முகம் கொடுத்துக் கதைக்காமல் விடுவார்கள், "பொலிஸுக்கே எதிராப் போன ஆக்கள்" என்று ஒரு பேச்சு வரும். நான் கண்டவரை, அது ஒரு தவணைக்கு மேல் நீடிப்பது குறைவு. பேசாமல் விட்ட வீடுகளில் நான் கண்டது வேறு: பெடியனின் பெயரோடு அந்தக் களவு ஒட்டிக்கொண்டது, அடுத்த முறை வகுப்பில் ஒரு பேனை காணாமல் போனாலும் எல்லோரும் அவனைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் கடிதம் பொலிஸாரைத் தண்டிக்காமல் போகலாம். "இந்தப் பிள்ளைக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை" என்று சம்பவத் திரட்டில் ஒரு வரி எழுத வைத்தாலே அது பெரிய காரியம். மற்ற இரண்டு பிள்ளைகளின் பெற்றோரோடும் கதையுங்கள். மூன்று வீட்டுக் கையொப்பம் இருந்தால் யாரும் உங்கள் பிள்ளையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

காலக்கெடு ஒன்று இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் மனுவை, சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும் என்பது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தோடு மட்டும் திரும்பி வராமல், விசாரணை நடக்கிறது என்பதற்கு ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். மனுப் போடுவதா இல்லையா என்பதை ஆறுதலாக முடிவு செய்யலாம். அதிபருக்கான கடிதத்தை மட்டும் இந்தக் கிழமைக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியும் பாடசாலை முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.